நனைந்தால் தெரியும் சுவர்

பர்மாக்காரம்மா யாரிடமும் “என்ன ஆச்சு?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். எப்படி ஆச்சு, எங்கே ஆச்சு, அப்ப நீ எங்கே இருந்தே. அந்தம்மா மட்டும் கேட்கமாட்டார். பக்கத்தில் வந்து உட்காருவார். இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையை அவிழ்ப்பார். வெற்றிலை பாக்கு எடுக்கப்போகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உள்ளே அடுப்புக்கரித் துண்டு, செங்கல் துண்டு, துணிக்குப் போடும் நீலக்கட்டி, ஒரு கொம்பு மஞ்சள், நாலைந்து சாக்பீஸ். அதில் ஒன்றை எடுத்து எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிடுவார்.

“சொல்ல வாணாம். போடு” என்பார். அவ்வளவுதான்.

அறுபதுகளில் நடந்தது இது. வருஷம் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத மனசு வரவில்லை. அவர் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. யுத்தகாலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது காடு, மலை வழியாக நடந்தே வந்தவர் என்பதால் பர்மாக்காரம்மா. டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார், நோயாளியும் அப்படித்தான். சொந்தப் பேர் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். நான் அவருக்கு அண்ணே, என் மனைவி அவருக்குத் தங்கச்சி. “என்னம்மா, முறை இடிக்குதே” என்றேன் ஒருநாள்.

“வார்டுல முறையப் பாத்தா பெட்பேன் எடுக்க முடியுமாண்ணே?” என்றார்.

நான் சிதம்பரத்துக்காரன். கோயிலுக்குக் கிழக்கே விபூதி, குங்குமம், சந்தனம் விற்கிற சின்னக் கடை. எட்டாவது வரை படிப்பு. காலையில் நடராஜரைப் பார்க்காமல் கடைப் பலகையை எடுத்ததில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆசையாகப் பாப்பா என்றே கூப்பிட்டோம்.

மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் குடையும் மேளமுமாகத் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பிள்ளை பிறந்தால், ஏழு வயசு நிறைந்ததும் அந்த நாளில் கடலில் முழுக்காட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டவன் நான்தான். பாப்பாவுக்குச் சிவப்புப் பாவாடை. திருவிழாக் கடையில் அம்மாவும் மகளும் ஒரே மாதிரி கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரில் இறங்கினோம். ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன், ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள். மூன்று முழுக்குப் போட வேண்டும். இரண்டு ஆயிற்று. மூன்றாவதுக்குக் குனிந்தபோது ஒரு அலை எங்கள் மூன்று பேரையும் புரட்டிவிட்டது. எழுந்து நின்று பார்த்தால் என் கையில் தண்ணீர்தான் இருந்தது.

தேவனாம்பட்டினத்துக்காரர்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூக்கிவந்து கொடுத்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. என் மனைவியின் மணிக்கட்டில் வளையல் உடைந்து கீறியிருந்தது. ரத்தத்தைத் துண்டால் துடைத்துவிட்டேன். அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

அந்த நிமிஷத்திலிருந்து அவள் பேச்சு நின்றுபோனது. சாப்பாடும் நின்றது. ஊருக்குக் கொண்டுவந்து நாலு நாள் ஆகியும் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. கடலூரில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார்கள். எந்த ஊர்ப் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்தேனோ அதே ஊருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். அங்கேதான் பர்மாக்காரம்மா.

முதல் நாள் என் மனைவியின் கையில் ஒரு கரித்துண்டை வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். விழுந்தது. பேசாமல் தரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்மா, அவளுக்கு ஸ்மரணையே இல்ல. அவ கையில கரியக் குடுத்தா என்னா செய்வா? சாமிதான் கண்ணத் தொறக்கணும்” என்றேன். நெற்றி நிறைய விபூதியோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்த சமயம்.

“சாமிய யாருண்ணே வாணாம்னா?” என்றார், பக்கெட்டில் துணியைப் பிழிந்துகொண்டே. “நீங்க சிதம்பரந்தான? உங்க ஊரு சாமி என்னிக்காவது வாயத் தொறந்து பேசியிருக்கா? கால தூக்கி ஆடித்தான காட்டுது? அதுக்கு வாயில வராதது கால்ல வருது. இவுங்களுக்குக் கையில வரட்டுமே.”

அவர் என்னிடமும் ஒரு துண்டை நீட்டினார். “நீங்களும் ஒண்ணு புடிங்க.”

“எனக்கு என்னா? நான் நல்லாத்தான இருக்கேன்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கரித்துண்டை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அதை ஜன்னல் வழியாக எறிந்தேன். சட்டைப் பையில் ஒட்டிய கறை மட்டும் எத்தனை துவைப்புக்கும் போகவில்லை.

வராந்தாவில் தேவனாம்பட்டினத்து ஆள் ஒருவர் கால் ஒடிந்து கிடந்தார். கட்டுமரம் கவிழ்ந்ததில் கூடப் போன தம்பியைப் பறிகொடுத்தவர். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டாலே அவருக்கு உடம்பு தூக்கிப் போடும். பஞ்சுச் சுருளைச் சுற்றி நீலக் காகிதம் ஒன்று வரும். எல்லாரும் குப்பையில் போடுவதை அந்தம்மா எடுத்துத் தடவி மடித்து வைத்திருப்பார். அதில் ஒன்றை அவர் முன்னால் விரித்தார். அந்த ஆள் கரியை வாங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் இழுத்து இழுத்துக் காகிதம் பூராவும் கறுப்பாக்கிவிட்டார். காகிதமே கிழிந்துபோனது. கட்டுப் போட வந்தவர் எட்டிப் பார்த்து, “என்னய்யா இது, எருமமாடா?” என்று சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

“கரை எந்தப் பக்கம்ணே?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆள் ரொம்ப நேரம் அந்தக் கறுப்பையே பார்த்தார். அப்புறம் சாக்பீஸை வாங்கிக் கிழிசலுக்கு அந்தப் பக்கம், மூலையில், ஒரு புள்ளி வைத்தார்.

“அங்கதான். எனக்கும் தெரிஞ்சுது. அவனுக்கும் தெரிஞ்சுது” என்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எத்தனையோ நாளாக அடைத்துக் கிடந்த அழுகை. அந்தம்மா அவர் முதுகைத் தடவவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து அவர் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஆள் கஞ்சி வாங்கிக் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, என் மனைவியின் கையிலிருந்து கரி விழவில்லை. விரல் மூடியது. படுக்கை விரிப்பில் ஒரு கோடு இழுத்தாள். நேர்கோடுகூட இல்லை, நடுவில் ஏறி இறங்கியது. நர்ஸம்மா வந்து சத்தம் போட்டார். “வெள்ளத் துணியில கரி! யாரு இதத் தொவைக்கிறது?”

“நாந்தாம்மா தொவைக்கப்போறேன். நல்ல கோடும்மா, பாருங்க” என்றார் பர்மாக்காரம்மா. அந்த விரிப்பை மூன்று நாள் துவைக்கவே இல்லை. என் மனைவி அன்றைக்கு அரை டம்ளர் பால் குடித்தாள்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தோம். லீவு கிடைக்கிற நாளில் அந்தம்மா கடலூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வருவார். முதலில் கோயில், அப்புறம் எங்கள் வீடு. எங்கள் ஊர்க் கோயிலில் ரகசியம் என்று ஒன்று உண்டு. திரையை விலக்கினால் உள்ளே விக்கிரகம் எதுவும் இருக்காது. பொன்னாலான வில்வ மாலை மட்டும் தொங்கும். வெறும் வெளிதான் சாமி. முதல் தடவை நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். திரை விலகியதும் அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மறந்து நின்றார். வெளியே வந்து பிராகாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இங்கயும் ஒண்ணும் இல்லியேண்ணே” என்றார். “ஒண்ணுமில்லாத எடத்துக்கும் மால போட்டு வெச்சிருக்காங்க பாருங்க.”

பக்தியில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்துச் சுவரை அவர்தான் என் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். “காகிதம் பத்தாது தங்கச்சி, ஒனக்கு. இந்தா, எவ்ளோ பெரிசு.” அதிலிருந்து அவள் தினமும் அந்தச் சுவர் முன்னால்தான். முதலில் வெறும் வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அலை என்று எனக்கு ஒரு மாசம் கழித்துத்தான் புரிந்தது. அப்புறம் சாமிக் குடைகள். கும்பல், தலை தலையாக. செங்கல்லால் ஒரு சின்னப் பாவாடை. அதைப் போட்ட அன்றைக்கு அவள் அழுதாள். கிணற்றடியில் உட்கார்ந்து, கடலிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “சுவத்துல கரியப் பூசிக்கிட்டுக் கெடந்தா புள்ள திரும்பி வந்துடுமா?” என்றாள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

ஆடியில் ஒருநாள் “தண்ணி” என்றாள் என் மனைவி. நான் செம்போடு ஓடினேன். அப்புறம் “போதும்” என்றாள். நாளைக்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. என் முகத்தைப் பார்த்து மட்டும் பேசமாட்டாள்.

அந்தம்மாவிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன், “நல்லாப் போட்டிருக்கா இல்ல?” என்று.

“நல்லா இருக்கா, இல்லியான்னு பாக்காதீங்கண்ணே. அதுல என்னா இருக்குன்னு பாருங்க.”

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

மார்கழியில் அவள் ஒரு கையைப் போட ஆரம்பித்தாள். பெரிய கை. என் நெஞ்சு உயரத்துக்கு, விரல்களை விரித்து, வெறுமையாக. ஒருநாள் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அதைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோனது, அது என் கை. பிடித்த பிள்ளையை விட்டுவிட்ட கை. பத்து மாசமாக அவள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சுவரில் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கிணற்றுக்குப் போனால் தலையைக் குனிந்துகொண்டே போவேன். ஜபம் பண்ண உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அந்தக் கை விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும்.

போகி வந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பொங்கல் பானை வைக்கக்கூடாது, வாசலில் பெரிதாகக் கோலம் போடக்கூடாது, வெள்ளையடிக்கிற பேச்சும் இல்லை. இது எனக்குத் தெரியாதா? ஆனாலும் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்தேன். அந்த ஒரு சுவரை மட்டும் அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று வீடு பூராவும் அடித்தேன். எதிர்வீட்டுப் பூக்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்னா மாமா, உங்களுக்குத்தான் இந்த வருஷம் கெடையாதே?” என்று கேட்டார். “சொவரு ரொம்ப அழுக்காப் போச்சு” என்றேன். கடைசியாகத்தான் பின்தாழ்வாரத்துக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் மனைவி வந்து பார்த்தாள். சுவரைத் தொட்டாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு மத்தியானம் சோறு போட்டு வைத்தேன், அப்படியே இருந்தது. தண்ணி, போதும், எல்லா வார்த்தையும் போய்விட்டது. மூன்று வாரம். கன்னம் மறுபடி ஒட்டிப்போனது. கோயிலில் போய் நின்றால் எனக்கு வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. என்ன கேட்பது? முன்னே ஒன்று கேட்டு வாங்கி, அதைக் கடலில் விட்டவன்தானே.

தை கடைசியில் பர்மாக்காரம்மா வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். சுண்ணாம்பு வாடை.

“பொங்கல் இல்லாத வூட்டுல எதுக்குண்ணே சுண்ணாம்பு?”

“அழுக்கா இருந்துச்சும்மா.”

“அழுக்கா” என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். நேரே பின்தாழ்வாரத்துக்குப் போனார். வெள்ளைச் சுவரையும், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவியையும் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கிணற்றில் வாளியை இறக்கினார். கயிற்றைப் பிடித்து இழுத்து, நிறைந்த வாளியைத் தூக்கிவந்து, அப்படியே சுவரில் ஓங்கி அடித்தார்.

“அய்யோ, என்னம்மா!” என்றேன்.

“வருஷா வருஷம் வார்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. நான்தான ஈரத்துணியால தொடைக்கிறேன்? காஞ்ச சுண்ணாம்பு மறைக்கும்ணே. நனஞ்சா எல்லாத்தயும் காட்டிக் குடுத்துடும்.”

ஒரே ஒரு பூச்சுத்தான் அடித்திருந்தேன். தண்ணீர் இறங்க இறங்க வெள்ளை சாம்பலாகியது. உள்ளிருந்து முதலில் அலை வந்தது. அப்புறம் குடைகள். தலைகள். கொஞ்சம் மங்கிப்போன சிவப்பாகப் பாவாடை. கடைசியாக அந்தக் கை, ஐந்து விரலும் விரித்துக்கொண்டு. நான் திரும்பிக்கொண்டேன்.

அந்தம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “அன்னிக்கே சொன்னனே, அதுல என்னா இருக்குன்னு பாருங்கன்னு. இப்பவாவது பாருங்கண்ணே.”

பார்த்தேன். மணிக்கட்டில் மூன்று வளையங்கள் இருந்தன. வளையல்கள். நடுவில் இருந்தது உடைந்து, ஒரு துண்டு தள்ளி நின்றது. அதற்குக் கீழே செங்கல்லால் ஒரு சின்னக் கீறல்.

அந்தக் கீறலை நான் அறிவேன். கடற்கரையில் என் துண்டால் துடைத்த கீறல்.

“இது உன் கையா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தேன். “ஏய், இது உன் கையாடி?”

பதினோரு மாசத்துக்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியது. வார்த்தை எங்கோ ஆழத்திலிருந்து ஏறி வருகிற மாதிரி வந்தது.

“வுட்டுட்டேங்க. நீங்க புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தீங்க. நான்தாங்க வுட்டுட்டேன்.”

இத்தனை நாளாக அவள் என்னைக் குற்றம் சொல்கிறாள் என்று நான் இருந்தேன். அவளோ என் முகத்தில் விழிக்கவே பயந்து இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றில்.

“இல்லடி” என்றேன். “எழுந்து பாத்தா என் கையிலயும் ஒண்ணுமில்ல. என் கையும் வெறுங்கைதான்.” அதற்குமேல் எனக்கு வரவில்லை.

பர்மாக்காரம்மா குனிந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கினார். கரித்துண்டு.

“சொல்ல வாணாம்ணே. போடுங்க.”

எறியவில்லை. ஈரச் சுவரில், பாவாடைக்கு இந்தப் பக்கமாக, என் கையை விரித்து வைத்து அதைச் சுற்றிக் கோடு இழுத்தேன். எனக்குப் படம் போடத் தெரியாது. குழந்தை போட்ட மாதிரிதான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் கை, இந்தப் பக்கம் என் கை, நடுவில் பாப்பாவின் பாவாடை. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதோம். மாசி மகத்தன்று அழ வேண்டிய அழுகை. அந்தம்மா அடுக்களைக்குள் போய்க் கஞ்சி வைத்தார். வெளியே வந்து பார்க்கவே இல்லை.

கஞ்சி குடித்த பிறகு அவரும் சுவரின் கீழ்ப்பக்கத்தில், காய்ந்திருந்த ஓரத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்து ஏதோ போட ஆரம்பித்தார். அவர் எப்போது கை சும்மா இருந்தாலும் போடுவது அதைத்தான். ஒரு நீளமான பாதை. மூட்டை சுமந்த ஜனங்கள், வரிசையாக, கோடு கோடாக. கடைசியில் ஒரு பொம்பளை, இடுப்பில் குழந்தை. குழந்தைக்குக் கை, கால், சட்டை எல்லாம் இருக்கும். முகம் மட்டும் வெறும் வட்டம். வார்டிலும் பார்த்திருக்கிறேன், கேட்கத் தோன்றவில்லை.

என் மனைவிக்குத் தோன்றியது. “மொகம் எங்கக்கா?” என்றாள்.

அந்தம்மா கரியைக் கீழே வைத்தார்.

“மறந்துபோச்சு தங்கச்சி. ரெண்டு வயசு. நடந்து வரப்ப வழியில காய்ச்சல்ல போயிடுச்சு. ஒரு மரத்தடியில வெச்சிட்டு வந்தோம். அழுவறதுக்கு நிக்க முடியாது, நின்னா கும்பல் போயிடும். நடந்தேன். இங்க வந்து சேந்து, ஒரு எடத்துல குந்தி, அழுவலாம்னு பாத்தா மொகம் வரல. போட்டோ கெடையாது. சட்டை நெனவிருக்கு, பித்தான் எத்தினின்னுகூட நெனவிருக்கு. மொகம் வரல.” விரலில் ஒட்டிய கரியைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “அதான் எல்லாரையும் போடு, போடுன்னு தொந்தரவு பண்றேன். ஒனக்கு இன்னும் நெனவுல இருக்குது இல்ல? போயிடறதுக்குள்ள போட்டுடு.”

அன்றைக்குத்தான் எனக்குப் பிராகாரத்தில் அவர் அழுதது விளங்கியது.

அதற்கப்புறம் என் மனைவி பாப்பாவின் முகத்தைப் போட ஆரம்பித்தாள். ஏழு வயசு முகம் சுலபத்தில் வரவில்லை. காகிதத்தில் போட்டுப் போட்டுக் கிழித்தாள். அந்தம்மா வரும்போதெல்லாம் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மூக்கு இது இல்லை, நெற்றி இன்னும் கொஞ்சம் அகலம் என்று பேச்சு. நானும் சொல்வேன். ஒருநாள் வந்தே விட்டது. முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. அதை நாங்கள் சாமி அலமாரியில், நடராஜர் படத்துக்குக் கீழே வைத்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருஷம் இப்படி வந்துகொண்டிருந்தவர் ஒரு கார்த்திகையில் வரவில்லை. மார்கழியிலும் இல்லை. விரிப்புக் கறைக்குச் சத்தம் போட்டாரே, அந்த நர்ஸம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பர்மாக்காரம்மா மஞ்சள் காமாலையில் காலமாகிவிட்டார் என்றும், ஒரு பை இருக்கிறது, சிதம்பரத்துத் தங்கச்சியிடம் கொடுக்கச் சொன்னார் என்றும் எழுதியிருந்தார்.

நான் போய் வாங்கிவந்தேன். அதே சுருக்குப்பை. நர்ஸம்மா என்னிடம் அதைக் கொடுக்கும்போது அவர் விரலிலும் கரி இருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு பகல் பூராவும் உட்கார்ந்திருந்தாள். பொழுது இறங்குகிற நேரத்துக்கு எழுந்து பின்தாழ்வாரத்துக்குப் போனாள். சுவரின் கீழ்ப்பக்கத்தில், பாதை முடிகிற இடத்தில், அந்தப் பொம்பளையின் இடுப்பில் வெறும் வட்டம் அப்படியே இருந்தது. பையிலிருந்து கரியை எடுத்து அதற்குள் மெதுவாகக் கண் வைத்தாள். மூக்கு வைத்தாள். தடித்த கன்னம். நெற்றியில் ஒரு திருஷ்டிப் பொட்டு.

எனக்குத் தெரிந்த முகம்.

“நம்ம பாப்பா ரெண்டு வயசுல இருந்த மொகங்க” என்றாள். “அக்காவுக்குக் குடுத்துட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “சுண்ணாம்பு கரைங்க” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

“உள்ள இருக்கட்டும். கண்டவங்க கண்ணு பட வாணாம். நமக்குத் தெரியும்ல.”

நீர்க்கக் கரைத்து, ஒரே ஒரு பூச்சு, நானே அடித்தேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு அடித்தேன். அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு இன்னொரு பூச்சு அடிக்கவிடவில்லை. வீட்டைப் புதுப்பித்தபோது கொத்தனார் சிமெண்டு பூசிவிடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டோம். இரண்டு பேருக்கும் வயசாகிவிட்டது. ஐப்பசியில் கிழக்கிலிருந்து காற்று ஜாஸ்தியாக அடித்தால் சாரல் தாழ்வாரத்துக்குள் வரும். சுவர் நனையும். அலை வரும், குடை வரும், இரண்டு கைகளும் வரும், கடைசியில் கீழே, இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, அந்த முகம் வரும். மழை விட்டால் காய ஆரம்பிக்கும், காய்ந்தால் மறைந்துவிடும். அதுவரைக்கும் நாங்கள் அங்கே உட்கார்ந்திருப்போம்.